‘பாயின்ட்’ மட்டும் போதுமா? இரத்தசோகையைக் கண்டறியும் பரிசோதனைகள்

கடலூர் மாவட்டத்தின் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவிலும் சிதம்பரம் கீழவீதியிலும் இரத்தசோகையைப் பற்றிப் பேசுவோர், ‘ரத்தம் எட்டு பாயின்ட்தான் இருக்கிறது’ என்று ஒரே எண்ணில் பேச்சை முடித்துக்கொள்வது வழக்கம். அந்தப் பாயின்ட், ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை கிராம் ஹீமோகுளோபின் உள்ளது என்பதைக் குறிக்கிறது. ஹீமோகுளோபின் என்பது இரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருந்துகொண்டு, நுரையீரலில் ஏற்கும் உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்லும் புரதம். அது வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அளவைவிடக் குறைந்திருக்கும் நிலையே இரத்தசோகை எனப்படுகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் இந்நிலை பதிவானது.

ஆயினும் பாயின்ட் குறைந்திருப்பது காய்ச்சல் அடிப்பதைப் போன்றதோர் அடையாளமே. காய்ச்சலுக்குப் பின்னால் டெங்குவும் இருக்கலாம், தொண்டைப் புண்ணும் இருக்கலாம் என்பதுபோல், குறைந்த ஹீமோகுளோபினுக்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு, கொக்கிப்புழு, மிகுந்த மாதவிடாய், சிறுநீரக நோய், பரம்பரைக் குறைபாடு, குடல் புற்றுநோய் என எதுவும் இருக்கலாம். நோயாளியோ அவருடன் மருத்துவமனைக்குச் செல்பவரோ பரிசோதனைக்கு எவ்வாறு ஆயத்தமாவது, கையில் கிடைக்கும் அறிக்கையை எந்த வரிசையில் படிப்பது, மருத்துவரிடம் எதைக் கேட்டுத் தெளிவது என்பவற்றை இவ்வியல் படிப்படியாக விளக்குகிறது. நோயை முடிவு செய்வதும் மருந்து எழுதுவதும் மருத்துவரின் பணி. அப்பணிக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டித் தருவது வீட்டாரின் பணி.

1. வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தம்

மருத்துவர் ஊசியைத் தொடுமுன் கேட்கும் கேள்விகளே நோயறிதலின் முதற்படியாகும். அவற்றுக்கான விடைகளை ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிச் செல்வது நலம்.

1. அறிகுறிகளும் தொடங்கிய காலமும்: களைப்பு, படியேறும்போது மூச்சு வாங்குதல், படபடப்பு, தலைச்சுற்றல், கால்வீக்கம் ஆகியவற்றுள் எவை உள்ளன, எப்போதிலிருந்து உள்ளன எனக் குறிக்க வேண்டும். பல மாதங்களாக மெல்லக் குறைந்த இரத்தத்துக்கு உடல் பழகிக்கொள்வதால், 7 பாயின்ட்டிலும் வயல்வேலைக்குச் செல்வோர் உண்டு. ஆகவே அறிகுறி இன்மையை நோயின்மையாகக் கொள்ளலாகாது.
2. வெளிறல்: பகல் வெளிச்சத்தில் கீழிமையை மெல்லக் கீழே இழுத்து உட்புறச் சிவப்பைப் பார்த்து, நாக்கு, உள்ளங்கை, நகங்கள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். நகம் கரண்டிபோல் நடுவில் குழிந்திருப்பது நீண்டகால இரும்புக் குறைவின் அடையாளம். லேசான இரத்தசோகை கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும் என்பதால், இமை சிவப்பாக இருப்பதைக் கண்டு பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.
3. விந்தையான தின்பண்ட ஆசை: பச்சரிசி, திருநீறு, சாம்பல், மண், சாக்குக்கட்டி, ஐஸ்கட்டி ஆகியவற்றைத் தின்னும் வேட்கை இரும்புக் குறைவோடு தொடர்புடையது. வெட்கத்தால் மறைக்கப்படும் இச்செய்தி மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.
4. இரத்தப் போக்கு: மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது, ஒரு நாளில் எத்தனை நாப்கின் மாற்ற வேண்டியுள்ளது, கட்டிகட்டியாகப் படுகிறதா என்பவற்றை எழுத வேண்டும். மூலம், தார்போல் கறுத்த மலம், அண்மைக் காலப் பிரசவம், கருக்கலைவு, இரத்ததானம் ஆகியவையும் இதில் அடங்கும்.
5. மருந்துகள்: மூட்டுவலி மாத்திரையும் ஆஸ்பிரினும் இரைப்பையில் புண் உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யலாம்; சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும், நீண்டகாலம் உட்கொள்ளும் அசிடிட்டி மாத்திரையும் வைட்டமின் பி12-ஐக் குறைக்கலாம். நாட்டு மருந்து, செந்தூரம், சத்து டானிக் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.
6. உணவு: மீன், முட்டை, இறைச்சி, கீரை, பருப்பு ஆகியவை வாரத்தில் எத்தனை நாள், சாப்பாட்டை ஒட்டி டீ குடிக்கும் வழக்கம் உண்டா என்பதைக் குறிக்க வேண்டும். வள்ளலார் 1867-இல் தருமச்சாலை நிறுவிய வடலூரை உள்ளடக்கிய கடலூர் மாவட்டத்தில் புலால் மறுத்த குடும்பங்கள் உள்ளன. வைட்டமின் பி12 விலங்குவழி உணவுகளிலேயே இயல்பாகக் கிடைப்பதால், பாலும் தயிரும்கூடக் குறைவாக உண்ணும் சைவ உணவினர் அதனைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும்.
7. குடும்ப வரலாறு: இரத்தம் ஏற்றிக்கொண்ட உறவினர், அடிக்கடி மஞ்சள் காமாலை கண்டவர், மண்ணீரல் வீங்கியவர் எவரேனும் உண்டா, பெற்றோர் நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களா என்பன பரம்பரைக் குறைபாட்டை நோக்கி வழிகாட்டும்.
8. பழைய அறிக்கைகள்: ஐந்தாண்டுக்கு முந்தைய சீட்டானாலும் எடுத்துச் செல்ல வேண்டும். பிறந்ததிலிருந்தே உள்ள சோகையையும் ஆறு மாதத்தில் வந்த சோகையையும் பழைய எண்தான் பிரித்துக் காட்டும்.

*குறிப்பு:* காலணியின்றி வயலிலோ முந்திரித் தோப்பிலோ நடப்பவர் அதனையும் சொல்ல வேண்டும். மலம் கலந்த ஈர மணற்பாங்கான நிலத்தில் வளரும் கொக்கிப்புழுவின் இளம்புழு பாதத் தோலைத் துளைத்து உடலினுள் புகுந்து, சிறுகுடலை அடைந்து, அங்கே நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகிறது.

2. எங்கே தொடங்குவது

1. ஆரம்ப சுகாதார நிலையம்: ஹீமோகுளோபின் அளவை அறிய முதலில் இங்கேயே செல்லலாம். கர்ப்பிணிகளும் வளரிளம் பெண்களும் கிராம சுகாதார செவிலியரை அணுகினால் போதும். இந்திய அரசு 2018-இல் தொடங்கிய ‘இரத்தசோகையற்ற பாரதம்’ திட்டம், டிஜிட்டல் கருவியால் உடனுக்குடன் அளவு பார்த்துச் சிகிச்சை தொடங்குவதை வலியுறுத்துகிறது.
2. அரசு மருத்துவமனை: முழு இரத்த எண்ணிக்கை, சிறுநீரகப் பரிசோதனை முதலியவற்றுக்கும் மருத்துவரின் விரிவான ஆய்வுக்கும் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையையோ சிதம்பரம் காமராஜ் அரசு மருத்துவமனையையோ நாடலாம்.
3. மருத்துவக் கல்லூரி: காரணம் எளிதில் புலப்படாதவர்கள், எண்டோஸ்கோபி அல்லது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படுவோர் ஆகியோர் அண்ணாமலை நகருக்கு அனுப்பப்படலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக 1985-இல் தொடங்கப்பட்ட ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியே 2021-இல் மாநில மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறுவோர் சிதம்பரத்தில் இறங்கி அங்குச் செல்லலாம். வடக்கே புதுச்சேரியில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை மற்றொரு பெரிய மையம்.

எங்குச் சென்றாலும் பழைய சீட்டுகளை ஒரே கோப்பில் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருப்பது, ஒரே பரிசோதனையை மறுபடி மறுபடி செய்வதைத் தவிர்க்கும்.

3. இரத்தம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஹீமோகுளோபினை விரல்நுனிச் சொட்டிலும் அளக்கலாம், கை நரம்பிலிருந்து, அதாவது சிரையிலிருந்து எடுத்த இரத்தத்திலும் அளக்கலாம். இரண்டின் விடைகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. விரலில் குத்தி அளந்த தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்று (2015–16), ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் சுமார் 59 விழுக்காட்டினருக்குச் சோகை இருப்பதாகக் காட்டியது. சிரை இரத்தத்தில் அளந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வு (2016–18) 1 முதல் 4 வயதினரில் 41 விழுக்காடு என்றே காட்டியது. வயது வரம்பும் காலமும் சற்றே மாறுபட்டாலும், இவ்வேறுபாட்டின் ஒரு பகுதிக்கு இரத்தம் எடுத்த முறையே காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

*விரல்நுனிச் சொட்டு முறை*

1. கை குளிர்ந்திருந்தால் வெதுவெதுப்பாக்கிய பின், நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில் சற்றுப் பக்கவாட்டில் குத்த வேண்டும்.
2. தோலைத் துடைத்த ஸ்பிரிட் நன்கு உலர்ந்த பின்னரே குத்த வேண்டும். ஈரம் கலந்தால் இரத்தம் நீர்க்கும்.
3. முதற்சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் சொட்டை எடுக்க வேண்டும்.
4. விரலைப் பிழியக் கூடாது. பிழிந்தால் திசுநீர் கலந்து எண் குறையும்.

*சிரை இரத்த முறை*

1. முழு இரத்த எண்ணிக்கைக்கு வெறும் வயிறு தேவையில்லை. இரத்த இரும்பளவு பார்ப்பதாயின், காலை வேளையில் வெறும் வயிற்றில் செல்வது நல்லது. இரும்பு மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்க வேண்டும்.
2. குளுக்கோஸ் அல்லது சலைன் ஏறிக்கொண்டிருக்கும் கையிலிருந்து இரத்தம் எடுக்கக் கூடாது. கலந்த நீர் ஹீமோகுளோபினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.
3. முழு இரத்த எண்ணிக்கைக்குரிய இரத்தம், உறையாமல் காக்கும் வேதிப்பொருள் உள்ள ஊதா மூடிக் குழாயில் விடப்படும். அதனைக் குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். உறைந்த மாதிரி தவறான விடை தரும்.
4. குழாயில் நோயாளியின் பெயரும் எண்ணும் அங்கேயே எழுதப்படுவதை உடன் வந்தவர் பார்த்துக்கொள்வது முறை.
5. ஊசி எடுத்த இடத்தைச் சில நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மயக்கம் வரும் இயல்புடையவர் படுத்த நிலையில் இரத்தம் கொடுக்க வேண்டும்.

*பாதுகாப்பு:* ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிரித்த ஊசியே பயன்படுத்தப்பட வேண்டும். இரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்தால், உயிருக்கு ஆபத்தில்லாத வரை, நோயறிதலுக்கான மாதிரிகளை ஏற்றுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும். பிறருடைய சிவப்பணு கலந்த பின் பல பரிசோதனைகளின் விடை குழம்பிவிடும்.

4. முதற்கேள்வி: சோகை உள்ளதா, எந்த அளவில்?

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஹீமோகுளோபின் கீழ்க்காணும் அளவுகளுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. அலகு ஒரு டெசிலிட்டருக்குக் கிராம்.

- வயது வந்த ஆண்: 13
- கர்ப்பமில்லாத பெண்: 12
- கர்ப்பிணி: 11 (2024-ஆம் ஆண்டின் வழிகாட்டுதல், இரத்தத்தில் நீர் இயல்பாகவே மிகும் நடு மூன்று மாதங்களுக்கு 10.5 எனக் கூறுகிறது)
- 12 முதல் 14 வயது: 12
- 5 முதல் 11 வயது: 11.5
- 2 முதல் 4 வயது: 11
- 6 முதல் 23 மாதம்: 10.5

கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் 7-க்குக் கீழும், ஏனையோருக்கு 8-க்குக் கீழும் இருப்பது கடுமையான சோகை. கர்ப்பிணியருள் 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரமானது எனப் பிரிப்பர். இரத்ததான முகாமில் ஏற்கப்படாமல் திரும்புவோரும் உண்டு; இந்தியாவில் தானம் தர 12.5 வேண்டும் என்பதால், அங்கே மறுக்கப்பட்ட ஆண் தன் எண்ணை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

5. அறிக்கையைப் படிக்கும் வரிசை

முழு இரத்த எண்ணிக்கையை ஆய்வகங்களில் சி.பி.சி. என்பர். ஒரு பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட எண்கள் இருந்தாலும், சோகையைப் பொறுத்தவரை பின்வரும் வரிசையில் ஐந்தாறு எண்களைப் பார்த்தால் காரணத்தின் திசை புலப்படும்.

1. ஹீமோகுளோபின்: மேற்கண்ட அளவோடு ஒப்பிட வேண்டும். அச்சிட்ட அறிக்கையின் ஓரத்தில் உள்ள ‘இயல்பளவு’ பல வேளைகளில் ஆணுக்குரியதாக மட்டுமோ பொதுவாகவோ இருப்பதால், வயதையும் பாலினத்தையும் கருதியே பார்க்க வேண்டும்.
2. வெள்ளணுவும் தட்டணுவும்: வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரையும், தட்டணு ஒன்றரை முதல் நாலரை லட்சம் வரையும் இருப்பது பொதுவான இயல்பு. சோகையோடு இவையும் குறைந்திருந்தால் எலும்பு மஜ்ஜையின் கோளாறு, பி12 குறைவு முதலியன கருதப்படும். இந்நிலையில் காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
3. எம்.சி.வி.: ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன், இயல்பளவு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். சோகையை வகைப்படுத்தும் திறவுகோல் இதுவே. 80-க்குக் குறைந்தால் சிற்றணுச் சோகை, 100-க்கு மேற்பட்டால் பேரணுச் சோகை, இடைப்பட்டால் இயல்பணுச் சோகை.
4. எம்.சி.எச்.: ஓர் அணுவுக்குள் உள்ள ஹீமோகுளோபினின் சராசரி எடை; ஏறத்தாழ 27 முதல் 32 பிக்கோகிராம். குறைந்தால் அணு நிறம் வெளிறியது என்பது பொருள்.
5. ஆர்.டி.டபிள்யூ.: அணுக்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்ட பருமனில் உள்ளன என்பதன் அளவு, சுமார் 14.5 விழுக்காட்டைத் தாண்டினால் சிறியதும் பெரியதும் கலந்துள்ளன எனலாம். இரும்புக் குறைவில் இது பெரும்பாலும் உயரும்.
6. சிவப்பணு எண்ணிக்கை: எம்.சி.வி.-யை மில்லியன் கணக்கிலான இவ்வெண்ணால் வகுத்துக் கிடைப்பது மென்ட்ஸர் குறியீடு. 13-க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவையும், கீழே வந்தால் பரம்பரைக் குறைபாடான தலசீமியாவின் கடத்தி நிலையையும் சந்தேகிக்கலாம். இது முடிவன்று, குறிப்பு மட்டுமே.

*பயிற்சிக்காக மூன்று மாதிரி அறிக்கைகள்*

- முதல் மாதிரி: ஹீமோகுளோபின் 9.2, சிவப்பணு 4.3 மில்லியன், எம்.சி.வி. 68.6, ஆர்.டி.டபிள்யூ. 18. அணு சிறுத்து, பருமன் கலந்து, குறியீடு ஏறத்தாழ 16 என வருவதால் இரும்புக் குறைவு முதலில் நினைவுக்கு வரும்.
- இரண்டாம் மாதிரி: ஹீமோகுளோபின் 10.8, சிவப்பணு 5.6 மில்லியன், எம்.சி.வி. 62, ஆர்.டி.டபிள்யூ. 14.5. சோகை லேசானதே, ஆயினும் அணுக்கள் மிகவும் சிறுத்து, எண்ணிக்கையில் மிகுந்து, குறியீடு சுமார் 11 என வருவதால் தலசீமியாக் கடத்தி நிலையைத் தேட வேண்டும்.
- மூன்றாம் மாதிரி: ஹீமோகுளோபின் 8.4, சிவப்பணு 2.2 மில்லியன், எம்.சி.வி. 116. அணு பருத்திருப்பதால் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவு, மதுப்பழக்கம், தைராய்டு குறைவு, கல்லீரல் நோய் ஆகியவை ஆராயப்படும்.

*குறிப்பு:* இரும்பும் பி12-உம் ஒருங்கே குறைந்தவரிடம் ஒன்று அணுவைச் சிறுக்கவும் மற்றொன்று பருக்கவும் செய்வதால், சராசரியான எம்.சி.வி. இயல்பாகத் தோன்றும். எண்கருவியின் இந்த ஏமாற்றத்தை, கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப்பூச்சுச் சோதனை வெளிப்படுத்தும். பென்சில்போல் நீண்ட வெளிறிய அணுக்கள் இரும்புக் குறைவையும், உட்கரு பல கூறாகப் பிரிந்த வெள்ளணுக்கள் பி12 அல்லது ஃபோலிக் அமிலக் குறைவையும், சிதைந்த துண்டணுக்கள் அணு உடைபடுவதையும் காட்டிக்கொடுக்கும்.

6. இரண்டாம் கேள்வி: காரணம் என்ன?

எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே நாளில் செய்து பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. அணுவின் பருமனுக்கேற்ப மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

*அணு சிறுத்திருந்தால்*

1. ஃபெரிட்டின்: உடலில் சேமித்து வைத்த இரும்பைக் காட்டும் புரதம் இது. வேறு நோயற்ற பெரியவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 12-க்குக் கீழும் இருந்தால் இரும்புக் குறைவு உறுதி. காய்ச்சல், தொற்று, மூட்டழற்சி ஆகியவற்றின்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்வதால், அழற்சி உள்ள பெரியவர்களுக்கு 70-க்குக் கீழ் இருப்பதையே குறைவாகக் கொள்ள உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அழற்சியை அறிய சி.ஆர்.பி. பரிசோதனை துணைபுரியும்.
2. இரும்புச் செறிவு: ஃபெரிட்டின் விடை தெளிவற்றபோது, இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தில் எவ்வளவு பங்கு நிரம்பியுள்ளது என்று பார்ப்பர், 16 விழுக்காட்டுக்குக் கீழ் வருவது குறைவைச் சுட்டும்.
3. ஹீமோகுளோபின் வகைப் பகுப்பு: எச்.பி.எல்.சி. எனப்படும் இம்முறையில் ஹீமோகுளோபின் ஏ2 என்னும் வகை 3.5 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் பீட்டா தலசீமியாக் கடத்தி நிலை எனலாம். இரும்புக் குறைவு இவ்வளவைத் தாழ்த்தக்கூடியதால், முதலில் இரும்பைச் சரிசெய்த பின் மீண்டும் பார்க்க நேரலாம். மற்றொரு பரம்பரைக் குறைபாடான அரிவாளணு நோயும் இதிலேயே தெரியும். இந்தியாவில் அந்நோய் முதன்முதலில் 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது.

கர்ப்பிணி கடத்தி என்று தெரிந்தால் கணவரும் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இருவருமே கடத்திகளாயின் ஒவ்வொரு குழந்தைக்கும் கடும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

*அணு பருத்திருந்தால்*

வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு, கல்லீரல் ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் செய்யப்படும். பம்பாயில் 1928 முதல் கர்ப்பிணிகளின் பேரணுச் சோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு அதனைக் குணமாக்குவதைக் கண்டார். அச்சாற்றிலிருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆனால் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால், இரத்தம் ஏறுவதுபோல் தோன்றும்போதே நரம்புச் சிதைவு தொடரக்கூடும். கைகால் மரத்துப்போதல், நடை தள்ளாடுதல், மறதி ஆகியவை உள்ளவருக்கு பி12-ஐ அளந்த பிறகே மருந்து தொடங்க வேண்டும். பி12 ஊசி போட்ட பின் அளந்தால் எண் உயர்ந்தே காட்டும்.

*அணு இயல்பாக இருந்தால்*

சிறுநீரக நோயை அறியக் கிரியாட்டினின், நாட்பட்ட அழற்சியை அறிய சி.ஆர்.பி. ஆகியவற்றோடு, ரெட்டிகுலோசைட் எனப்படும் புதுச் சிவப்பணுக்களின் எண்ணிக்கையும் பார்க்கப்படும். அது மிகுந்திருந்தால் இரத்தம் இழக்கப்படுகிறது அல்லது அணுக்கள் உடைகின்றன. குறைந்திருந்தால் மஜ்ஜை போதிய அளவு உற்பத்தி செய்யவில்லை. அணு உடைவை உறுதிசெய்ய பிலிருபின், எல்.டி.எச்., கூம்ப்ஸ் ஆகிய பரிசோதனைகள் உள்ளன. இவற்றாலும் விடை கிட்டாதபோது, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பெலும்பிலிருந்து சிறிதளவு மஜ்ஜை எடுத்து ஆராய்வர்.

7. மூன்றாம் கேள்வி: இரும்பு எவ்வழியே போயிற்று?

‘இரும்புச்சத்துக் குறைவு’ என்று சீட்டில் எழுதியதும் நோயறிதல் முடிந்துவிட்டதாகக் கருதுவதே பலரும் செய்யும் பிழை. இரும்பு உள்ளே போதவில்லையா, உட்கிரகிக்கப்படவில்லையா, வெளியே கசிகிறதா என்ற கேள்வி எஞ்சியுள்ளது.

1. மாதவிடாய் மிகுந்த பெண்களுக்கு மகப்பேறு மருத்துவரின் ஆய்வும் தேவைப்படின் ஸ்கேனும் செய்யப்படும்.
2. மலத்தில் புழு முட்டையும், கண்ணுக்குத் தெரியாத இரத்தமும் தேடப்படும். மலத்தை உலர்ந்த சுத்தமான டப்பியில், சிறுநீர் கலவாமல் எடுத்து விரைவில் ஒப்படைக்க வேண்டும்.
3. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புக் குறைவு கண்டால், வயிற்றுவலி இல்லாவிடினும், இரைப்பையையும் பெருங்குடலையும் உட்குழாய்க் கருவியால் பார்க்க வேண்டுமா என மருத்துவரிடம் கேட்க வேண்டும். குடல் புற்றுநோயின் முதல் அடையாளம் சில வேளைகளில் சோகை மட்டுமே.

8. சிகிச்சையும் ஒரு பரிசோதனையே

லேசான, நடுத்தரமான சோகை உள்ள கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும், இரும்புக் குறைவே மிகுதியும் காரணம் என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் நேரடியாக இரும்பு மாத்திரை தொடங்கப்படும். இம்முறை சரியாக அமைய, மறுபரிசோதனை தவறக் கூடாது.

1. மாத்திரை தொடங்கிய நாளையும் அன்றைய எண்ணையும் எழுதி வைக்க வேண்டும்.
2. மாத்திரையை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்காமல், ஒரு மணி நேரமேனும் இடைவெளி விட வேண்டும்.
3. ஒரு மாதத்தில் மீண்டும் அளக்க வேண்டும். ஹீமோகுளோபின் ஒரு கிராமேனும் ஏறியிருந்தால் நோயறிதல் சரியான வழியில் உள்ளது.
4. ஏறாவிடின், மாத்திரை உண்மையில் விழுங்கப்பட்டதா என்று முதலில் வினவி, பின்னர் மேல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடைக்காரரிடம் வேறு டானிக் வாங்குவது விடையாகாது.
5. எண் இயல்பான பின்னும், சேமிப்பு நிரம்புவதற்காக மருத்துவர் கூறும் காலம்வரை, பெரும்பாலும் மூன்று மாதம், தொடர வேண்டும்.

*பாதுகாப்பு:* இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது இயல்பு. ஆனால் தார்போல் பிசுபிசுத்து நாறும் கறுப்பு இரத்தக் கசிவாகலாம். சிறு குழந்தை இரும்பு மாத்திரைகளை மிட்டாய் என்று அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே அவற்றைக் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

9. அடிக்கடி நேரும் பிழைகள்

- ஒரு மாதம் விரல்நுனிச் சொட்டிலும் அடுத்த மாதம் சிரை இரத்தத்திலும் அளந்துவிட்டு, இரத்தம் ஏறியதாகவோ இறங்கியதாகவோ முடிவு செய்தல். ஒப்பிட வேண்டுமாயின் முறையும் ஆய்வகமும் ஒன்றாக இருத்தல் நலம்.
- நிறத்தைக் கண்ணால் ஒப்பிடும் பழைய சாலி முறை அளவை நுட்பமானதாக நம்புதல்.
- வாந்திபேதியால் நீரிழந்த நாளில் வந்த நல்ல எண்ணை நம்பிச் சோகை இல்லை எனக் கொள்ளுதல்.
- பரிசோதிக்காமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு டானிக் குடித்தல்; தலசீமியா உள்ளவர்களுக்கு இரும்பு தேங்கித் தீங்கு நேரலாம்.
- பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் அவற்றால் இரத்தம் ஊறும் என நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடுதல்.
- சர்க்கரை நோயாளியின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எண்ணைச் சோகையைக் கருதாமல் படித்தல். இரும்புக் குறைவில் அவ்வெண் பொய்யாக உயரவும், அணு உடையும் சோகையில் பொய்யாகத் தாழவும் கூடும்.

10. காத்திருக்கக் கூடாத நிலைகள்

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயங்கி விழுதல், இரத்த வாந்தி, தார் நிற மலம், நிற்காத உதிரப்போக்கு, சோகையோடு கூடிய மஞ்சள் காமாலை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கர்ப்பிணிக்கு 7-க்குக் கீழ் வந்தால், அவர் நலமாகத் தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பிரசவத்தில் இயல்பாக இழக்கும் இரத்தமே அவருக்குத் தாங்க முடியாததாகிவிடும்.

11. கோப்பின் முதல் பக்கம்

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் ஐந்து வரிகளைத் தேதியுடன் எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வைப்பது, அடுத்த முறை பார்க்கும் மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.

1. ஹீமோகுளோபின் எவ்வளவு; விரலிலா, சிரையிலா?
2. எம்.சி.வி. எவ்வளவு, அணு சிறியதா, பெரியதா, இயல்பானதா?
3. ஃபெரிட்டின், பி12 முதலியவற்றின் விடை என்ன? எது இன்னும் பார்க்கப்படவில்லை?
4. அடுத்து எப்போது அளக்க வேண்டும்?
5. மருத்துவர் கூறிய காரணம் என்ன?

நான்கு வரிகள் நிரம்பி ஐந்தாவது வரி வெறுமையாக இருக்குமாயின், எத்தனை பாயின்ட் ஏறியிருந்தாலும், அக்கோப்பு இன்னும் மூடத் தக்கதன்று.